எல்லை கடக்கும் பங்குகள்: வைப்பக ரசீதுகள் வழி அயல்நாட்டு மூலதனத் திரட்டலும் முதலீட்டாளர் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நிறுவனங்கள் அயல்நாட்டு முதலீட்டாளரிடமிருந்து மூலதனம் திரட்டுவதற்குக் கையாண்ட வழிகளுள் முதன்மையானது வைப்பக ரசீது முறையாகும். பங்கு தாய்நாட்டிலேயே இருக்க, அதன் மீதான உரிமை மட்டும் அயல்நாட்டுச் சந்தையில் விற்கப்படுவது இம்முறையின் அடிப்படை. இக்கட்டுரை அம்முறையின் இயக்கத்தை விளக்கி, 1992 முதல் 2024 வரையிலான அதன் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறது. சத்யம் நிறுவன மோசடி, உலக வைப்பக ரசீதுகளில் நிகழ்ந்த முறைகேடுகள் ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு, ஒரே நிறுவனத்தின் முதலீட்டாளர்களுக்கு அவர்கள் வாங்கிய சந்தையைப் பொறுத்து வேறுவேறு அளவில் பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: வைப்பக ரசீது, அயல்நாட்டு மூலதனம், செபி, குழு வழக்கு, வெளிப்படுத்தல் கடமை, சிறு முதலீட்டாளர்.

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய பணத்தைக் கடனாகவும் பெறலாம்; பங்குகளை விற்றும் பெறலாம். கடனுக்கு வட்டியும் தவணையும் உண்டு. பங்கு மூலதனத்திற்கு அவை இல்லை. ஆனால் நிறுவனத்தின் உரிமையில் ஒரு பகுதியைப் பிறருக்குத் தரவேண்டியிருக்கிறது. உள்நாட்டுச் சேமிப்பு போதாத நிலையிலோ, உள்நாட்டுச் சந்தையில் பங்குக்கு உரிய விலை கிடைக்காத நிலையிலோ, நிறுவனங்கள் அயல்நாட்டுச் சந்தையை நாடுகின்றன.

அயல்நாட்டு மூலதனம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் எவ்வளவு பணம் வந்தது என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. அப்பணத்தோடு எத்தகைய சட்டக் கடமைகள் வந்தன, அவற்றால் பயன்பெற்றோர் யாவர், விடுபட்டோர் யாவர் என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்படுகின்றன. இப்பிற்பட்ட வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

கலைச்சொல் குறித்து

‘டெபாசிட்டரி ரிசீட்’ என்பதைத் தமிழில் ‘வைப்பு ரசீது’ என்று குறித்தால் பொருள் மயக்கம் நேரும். வங்கியில் குறித்த காலத்திற்குப் போட்டுவைக்கும் தொகைக்குத் தரப்படும் சீட்டையே தமிழர் வைப்பு ரசீது என்று வழங்குகின்றனர். இங்கு வைக்கப்படுவது பணமன்று, பங்கு. ஆதலின், பங்குகளைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சீட்டு வழங்கும் வங்கியை ‘வைப்பக வங்கி’ என்றும், அச்சீட்டை ‘வைப்பக ரசீது’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கென வெளியிடப்படுவது அமெரிக்க வைப்பக ரசீது (ஏ.டி.ஆர்.), பெரும்பாலும் ஐரோப்பியச் சந்தைகளில் பட்டியலிடப்படுவது உலக வைப்பக ரசீது (ஜி.டி.ஆர்.).

ரசீது உருவாகும் முறை

இம்முறை அமெரிக்காவில் தோன்றியது. பிரித்தானியாவின் செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் பங்குகளை அமெரிக்கர் எளிதில் வாங்குவதற்காக 1927ஆம் ஆண்டு நியூயார்க்கின் கேரண்டி டிரஸ்ட் நிறுவனம் வெளியிட்டதே முதல் அமெரிக்க வைப்பக ரசீதாகும். இந்நிறுவனம் பின்னாளில் ஜே.பி. மார்கனோடு இணைந்தது. அன்று வகுக்கப்பட்ட அமைப்பே இன்றும் அடிப்படையில் தொடர்கிறது.

இந்திய நிறுவனம் ஒன்று புதிய பங்குகளை உருவாக்கி, அவற்றை அயல்நாட்டு வைப்பக வங்கியின் பெயரில் ஒதுக்குகிறது. அப்பங்குகள் இந்தியாவை விட்டு வெளியேறுவதில்லை. வைப்பக வங்கியின் சார்பில் இந்தியாவிலுள்ள பாதுகாவல் வங்கி ஒன்று அவற்றை வைத்திருக்கிறது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு வைப்பக வங்கி டாலர் மதிப்பில் ரசீதுகளை வெளியிடுகிறது. முதலீட்டாளர் ரசீதுக்குத் தரும் டாலர், செலவுகள் போக, நிறுவனத்தைச் சேர்கிறது. நிறுவனம் ஈவுத்தொகையை ரூபாயில் வழங்க, வைப்பக வங்கி அதனை டாலராக மாற்றி, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு ரசீதுதாரருக்கு அளிக்கிறது.

ஒரு ரசீது ஒரு பங்கைத்தான் குறிக்கவேண்டும் என்பதில்லை. ஐசிஐசிஐ வங்கியின் ஓர் அமெரிக்க வைப்பக ரசீது இரண்டு பங்குகளுக்கு ஈடானது. விலைத் தொடர்பைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மும்பையில் ஒரு பங்கின் விலை 500 ரூபாய், ஒரு ரசீதுக்கு இரண்டு பங்குகள், ஒரு டாலரின் மதிப்பு 80 ரூபாய் எனக் கொண்டால், ரசீதின் இணைவிலை 12.50 டாலர். நியூயார்க்கில் அது 14 டாலருக்கு விற்றால் 12 விழுக்காடு கூடுதல் விலை நிலவுகிறது எனலாம். ரசீதுகளைப் பங்குகளாகவும் பங்குகளை ரசீதுகளாகவும் தடையின்றி மாற்ற முடிந்தால், மலிவான இடத்தில் வாங்கி உயர்ந்த இடத்தில் விற்போரால் இவ்வேறுபாடு விரைவில் சுருங்கிவிடும். இந்தியாவில் தொடக்கத்தில் ரசீதைப் பங்காக மாற்ற மட்டுமே இடமிருந்தது. மீள்மாற்றத்திற்கு 2002ஆம் ஆண்டில்தான் வழி திறக்கப்பட்டது. அதுவும் ஏற்கெனவே பங்குகளாக மாற்றப்பட்ட ரசீதுகளின் எண்ணிக்கை அளவுக்கே அனுமதிக்கப்பட்டது. இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்களின் ரசீதுகள் நெடுங்காலம் உள்நாட்டு விலையைவிடக் கூடுதலாக விற்பனையானமைக்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணமாகும்.

1992க்குப் பின்

1991ஆம் ஆண்டில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமான நிலைக்குத் தாழ்ந்தது; தங்கம் அயல்நாட்டில் அடகு வைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த பொருளாதாரச் சீர்திருத்தங்களின் ஒரு பகுதியாகவே இந்திய நிறுவனங்களுக்கு அயல்நாட்டுச் சந்தைக் கதவு திறந்தது. 1992 மே மாதத்தில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் உலக வைப்பக ரசீதுகள் மூலம் 15 கோடி டாலர் திரட்டியது. இந்திய நிறுவனமொன்றின் முதல் உலக வைப்பக ரசீது வெளியீடு இதுவே. ரசீதுகள் லக்சம்பர்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டன. இதற்கான முழுமையான விதிமுறைத் திட்டத்தை மத்திய அரசு 1993 நவம்பரில் அறிவித்து, 1992 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததாக அதனைக் கொண்டது. நடைமுறை முந்தியும் விதி பிந்தியும் வந்தமை இதனால் புலனாகிறது.

அடுத்த திருப்பம் 1999 மார்ச்சில் நிகழ்ந்தது. இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரு ரசீது 34 டாலர் என்னும் விலையில் ஏறத்தாழ 7 கோடி டாலர் திரட்டி, நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் இந்தியப் பதிவு நிறுவனமாயிற்று. திரட்டிய தொகை பெரிதன்று. அமெரிக்க வாடிக்கையாளரிடையே நம்பகத்தன்மையும், அங்குள்ள பணியாளருக்குப் பங்குரிமை அளிக்கும் வாய்ப்புமே அந்நிறுவனத்திற்கு இப்பட்டியலிடலால் விளைந்த பெரும்பயன்கள் எனலாம்.

ஒரே கருவி, இருவேறு சட்டங்கள்

ரிலையன்சும் இன்ஃபோசிசும் பயன்படுத்திய கருவி ஒன்றே. ஆனால் அவை நுழைந்த சட்டச் சூழல்கள் வேறு. அமெரிக்கப் பங்கு ஒழுங்காணையம் 1990ஆம் ஆண்டு வகுத்த 144ஏ விதியின்படி, குறைந்தது 10 கோடி டாலர் அளவுக்குப் பத்திர முதலீடு உடைய பெருநிறுவனங்களிடையே மட்டும் கைமாறும் பத்திரங்களுக்கு முழுப் பதிவு தேவையில்லை. உலக வைப்பக ரசீதுகள் இவ்விதியின் கீழ் அமெரிக்கப் பெருமுதலீட்டாளரிடமும், லக்சம்பர்க் அல்லது இலண்டன் பட்டியல் வழியாக ஏனையோரிடமும் விற்கப்பட்டன. வாங்குவோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவர் என்பது இவ்விதியின் எடுகோள்.

அமெரிக்கப் பொதுச்சந்தையில் பட்டியலிடும் நிறுவனத்தின் நிலை வேறு. அது ஆண்டுதோறும் 20-எஃப் என்னும் விரிவான அறிக்கையை அளிக்கவேண்டும். 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி, தலைமைச் செயல் அலுவலரும் தலைமை நிதி அலுவலரும் அறிக்கையின் உண்மைக்குத் தாமே சான்றளிக்கவேண்டும். உள்கட்டுப்பாடுகளைப் பற்றியும் அறிக்கையிடவேண்டும். தவறு நேர்ந்தால் முதலீட்டாளர் குழுவாக வழக்குத் தொடுக்கலாம். எனவே, அயல்நாட்டில் மூலதனம் திரட்டுவது என்பது அந்நாட்டின் கடமைகளில் எத்தனையை ஏற்பது என்னும் தெரிவும் ஆகும். இத்தெரிவின் விளைவுகளைப் பின்வரும் இரு நிகழ்வுகள் காட்டுகின்றன.

சத்யம்: ஒரே இழப்பு, இரண்டு நீதி

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் 2001ஆம் ஆண்டு நியூயார்க் பங்குச்சந்தையில் அமெரிக்க வைப்பக ரசீதுகளை வெளியிட்டது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் கணக்குகள் பொய்யானவை என்று தாமே எழுதி அறிவித்தார். கணக்கில் காட்டப்பட்ட ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாதது என அக்கடிதம் தெரிவித்தது. அன்று ஒரே நாளில் மும்பைச் சந்தையில் பங்கு விலை ஏறத்தாழ 78 விழுக்காடு வீழ்ந்தது. கடுமையான வெளிப்படுத்தல் விதிகள் இம்மோசடியைத் தடுக்கவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ளவேண்டும். வேறுபாடு வெளிப்பட்டது அதற்குப் பிறகே.

அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட குழு வழக்கில், ரசீது வாங்கியோரை முதன்மையாகக் கொண்ட முதலீட்டாளர் குழுவுக்கு 12.5 கோடி டாலர் வழங்க நிறுவனம் 2011ஆம் ஆண்டு உடன்பட்டது. தணிக்கை நிறுவனத்தைச் சார்ந்தோர் 2.55 கோடி டாலர் வழங்க உடன்பட்டனர். அமெரிக்கப் பங்கு ஒழுங்காணையத்திற்கு நிறுவனம் தனியே 1 கோடி டாலர் அபராதம் செலுத்தியது.

மும்பையிலோ தேசியப் பங்குச்சந்தையிலோ அதே நிறுவனத்தின் பங்கை வாங்கிய இந்தியச் சிறு முதலீட்டாளருக்கு இத்தகைய இழப்பீடு கிடைக்கவில்லை. பங்குதாரர்களுக்கென்று தனியான குழு வழக்கு முறை அன்றைய இந்தியக் கம்பெனிகள் சட்டத்தில் இல்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. அமெரிக்க முதலீட்டாளருக்கு வழங்கப்பட்ட 12.5 கோடி டாலர் நிறுவனத்தின் கருவூலத்திலிருந்து சென்றது. அந்நிறுவனத்தின் பங்கை விற்காமல் வைத்திருந்த இந்தியப் பங்குதாரர், தம் பங்கின் அளவுக்கு அச்சுமையையும் ஏற்றார். இழப்பை அடைந்தவரே பிறருக்குரிய ஈட்டுத்தொகையிலும் பங்கேற்கும் நிலை இது.

இந்தியர் அமெரிக்க நீதிமன்றத்தை நாட இயலாதா என்னும் ஐயம் எழலாம். 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாரிசன் வழக்கில் அவ்வழியை அடைத்தது. ஆஸ்திரேலியாவின் நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியின் பங்குகளை அமெரிக்காவுக்கு வெளியே வாங்கியோர் தொடுத்த வழக்கு அது. அவ்வங்கியின் ரசீதுகள் நியூயார்க்கில் பட்டியலிடப்பட்டிருந்தபோதும், பத்திர மோசடிக்கு எதிரான அமெரிக்கச் சட்டப்பிரிவு அமெரிக்கச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டவற்றின் பரிவர்த்தனைகளுக்கும் அமெரிக்காவில் நிகழும் பிற பரிவர்த்தனைகளுக்கும் மட்டுமே பொருந்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்கு எங்கு வாங்கப்பட்டதோ அவ்விடமே உரிமையைத் தீர்மானிக்கிறது என்பது இதன் சாரம்.

சுற்றிவந்த பணம்

இரண்டாம் நிகழ்வு கடமைகள் குறைந்த பாதையில் நேர்ந்தது. சில சிறிய இந்திய நிறுவனங்களின் உலக வைப்பக ரசீது வெளியீடுகளை ஆராய்ந்த செபி, 2011 செப்டம்பரில் இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. இவ்வகை வழக்குகளில் செபி சுட்டிய வழிமுறையைக் கற்பனைத் தொகை ஒன்றைக் கொண்டு படிப்படியாக விளக்கலாம்.

நிறுவனம் ஒன்று 2 கோடி டாலருக்கு ரசீதுகள் வெளியிடுகிறது. அனைத்தையும் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றே வாங்குகிறது. அந்நிறுவனத்திடம் பணம் இல்லை. அயல்நாட்டு வங்கி ஒன்றில் அதே 2 கோடி டாலரைக் கடனாகப் பெறுகிறது. அக்கடனுக்கு ஈடு வைப்பது ரசீதை வெளியிட்ட இந்திய நிறுவனமே. ரசீது விற்ற பணத்தை அதே வங்கியில் வைத்து, அதனையே பிணையாகத் தர அதன் இயக்குநர் குழு தீர்மானம் நிறைவேற்றியிருக்கும். பணம் வங்கியின் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு நகர்ந்ததன்றி, நிறுவனத்தின் கைக்கு வரவில்லை.

இந்தியச் சந்தைக்கோ வெளியீடு முழுமையாக விற்பனையாயிற்று என்று மட்டும் அறிவிக்கப்படும். அயல்நாட்டார் நம்பிக்கை வைத்த நிறுவனம் என்று கருதி உள்நாட்டு முதலீட்டாளர் அப்பங்கை விரும்புவர். ரசீதை வாங்கிய நிறுவனம் அவற்றைப் பங்குகளாக மாற்றி, இந்தியாவில் இயங்கும் அயல்நாட்டு முதலீட்டுக் கணக்குகளின் வழியாக விற்றுவிடும். கடன் அடைபடாத அளவுக்கு வங்கி பிணையை எடுத்துக்கொள்ளும். இறுதியில், அயல்நாட்டு மூலதனம் என்று சொல்லப்பட்ட பணத்தை உண்மையில் கொடுத்தவர் அப்பங்கைக் கடைசியில் வாங்கிய இந்தியச் சிறு முதலீட்டாளரே.

அயல்நாட்டில் நிகழ்ந்த ரசீது வெளியீடு செபியின் அதிகாரத்திற்கு உட்பட்டதா என்பது வழக்கின் மையச் சிக்கலாயிற்று. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பங்குகள் இந்தியாவில் இருத்தலாலும், விளைவு இந்திய முதலீட்டாளர் மீது வீழ்தலாலும், அயல்நாட்டில் இயங்கிய முன்னணி மேலாளர் மீதும் செபி நடவடிக்கை எடுக்கலாம் என்று தெளிவுறுத்தியது. இத்தீர்ப்பு மாரிசன் தீர்ப்புக்கு நேர்மாறான தருக்கத்தைக் கொண்டது. அமெரிக்க நீதிமன்றம் பரிவர்த்தனை நிகழ்ந்த இடத்தை நோக்கியது. இந்திய நீதிமன்றம் தீங்கு விளைந்த இடத்தை நோக்கியது.

விதிகளின் திருத்தம்

2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய வைப்பக ரசீதுத் திட்டம் 1993ஆம் ஆண்டுத் திட்டத்தின் ரசீது தொடர்பான பகுதிகளை மாற்றியமைத்தது. அதன் அடிப்படையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான விரிவான நெறிமுறையைச் செபி 2019 அக்டோபரில் வெளியிட்டது. ஏற்கப்பட்ட நாடுகளின் குறிப்பிட்ட சந்தைகளில் மட்டுமே ரசீதுகளைப் பட்டியலிடலாம்; உள்நாட்டு முதலீட்டாளருக்கான ஒத்த வெளியீட்டின் விலைக்குக் குறைவாக ரசீது வெளியிடலாகாது; அயல்நாட்டுச் சந்தைக்குத் தெரிவிக்கும் செய்திகளை இந்தியச் சந்தைக்கும் தெரிவிக்கவேண்டும்; வைப்பக வங்கி ரசீதுதாரரின் அறிவுறுத்தல்படியே வாக்களிக்கவேண்டும் என்பன அதன் முதன்மைக் கூறுகள். முன்சொன்ன முறைகேடுகளின் அனுபவம் இந்நெறிகளில் எதிரொலிப்பதை அறியமுடிகிறது.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 245ஆம் பிரிவு பங்குதாரர் குழு வழக்கை அறிமுகப்படுத்தியது. அது 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 100 உறுப்பினர்களோ மொத்த உறுப்பினருள் 5 விழுக்காட்டினரோ, இவற்றுள் குறைவான எண்ணிக்கையினர் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என 2019ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. ஆயினும் ஒரு நடைமுறைத் தடை நீடிக்கிறது. அமெரிக்காவில் வழக்கறிஞர் தம் செலவில் வழக்கை நடத்தி, கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை ஊதியமாகப் பெறலாம். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் அவ்வாறு ஊதியம் பெறுவதைத் தடைசெய்கின்றன. வழக்கின் செலவையும் தோல்வியின் இடரையும் சிறு முதலீட்டாளரே தாங்கவேண்டியிருப்பதால், சட்டத்தில் உள்ள உரிமை நடைமுறையில் எட்டாத் தொலைவில் நிற்கிறது.

சென்னையிலிருந்து இரு வழிகள்

தமிழகத்தில் தோன்றிய இரு நிறுவனங்கள் இவ்வரலாற்றின் இரு மாற்று வழிகளைக் காட்டுகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, இன்றைய சிஃபி டெக்னாலஜிஸ், 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் ரசீதுகளை வெளியிட்டது. அதன் பங்குகள் இந்தியச் சந்தை எதிலும் பட்டியலிடப்படவில்லை. இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனமாக இருந்தும், பொதுச்சந்தையில் அதன் உரிமையில் பங்கேற்கும் வாய்ப்பு அயல்நாட்டு முதலீட்டாளருக்கே கிட்டியது.

2010ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ் இன்னொரு படி சென்றது. அதன் தாய் நிறுவனம் அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டது. 2021 செப்டம்பரில் ஒரு பங்கு 36 டாலர் என்னும் விலையில் 100 கோடி டாலருக்கும் மேல் நாஸ்டாக்கில் திரட்டியபோது, அது விற்றது ரசீதை அன்று, நேரடிப் பங்கை. பங்கு எல்லை கடப்பதற்கு மாறாக, நிறுவனமே எல்லை கடந்தமையால் வைப்பக வங்கிக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

இப்போக்கை மாற்றும் நோக்கில், இந்திய நிறுவனங்கள் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலுள்ள பன்னாட்டுச் சந்தைகளில் தம் பங்குகளை நேரடியாகப் பட்டியலிடுவதற்கான திட்டத்தை மத்திய அரசு 2024 ஜனவரியில் அறிவித்தது. மறுபுறம், ரசீதுகளின் இன்றியமையாமையும் குறைந்துவருகிறது. 1992 செப்டம்பர் முதல் அயல்நாட்டு நிறுவன முதலீட்டாளர் இந்தியச் சந்தையிலேயே பங்கு வாங்க முடிகிறது. அச்சந்தை விரிந்த அளவுக்கு ரசீதின் தேவை சுருங்கிற்று. டாடா மோட்டார்ஸ் 2023 ஜனவரியில் தன் அமெரிக்க வைப்பக ரசீதுகளை நியூயார்க் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டமை இதற்குச் சான்று.

முடிவுரை

வைப்பக ரசீது முறை இந்திய நிறுவனங்களுக்கு மூலதனத்தையும் உலகளாவிய அறிமுகத்தையும் அளித்தது. ஆயினும் ஒரே நிறுவனத்தின் உரிமையாளர்களை அது இரு வகையினராக்கியது. சத்யம் நிகழ்வில், கடமைகள் மிகுந்த சந்தையில் வாங்கியவர் இழப்பீடு பெற்றார். தாய்நாட்டில் வாங்கியவர் பெறவில்லை. உலக வைப்பக ரசீது முறைகேடுகளில், கடமைகள் குறைந்த பாதை உள்நாட்டு முதலீட்டாளரின் நம்பிக்கையைக் கருவியாக்கிக்கொண்டது. இரண்டிலும் இழந்தவர் உள்நாட்டுச் சிறு முதலீட்டாளரே.

2015ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2019ஆம் ஆண்டு நெறிமுறையும் இரண்டாம் குறையைப் பெருமளவு சரிசெய்துள்ளன. முதற்குறை இன்னும் முழுமையாக நீங்கவில்லை. 245ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்போரின் செலவை ஏற்க முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியைத் தாராளமாகப் பயன்படுத்துவதும், அயல்நாட்டில் இழப்பீடு வழங்கும் நிறுவனம் உள்நாட்டுப் பங்குதாரரின் ஒத்த கோரிக்கையையும் கருதவேண்டும் என்று விதிப்பதும் பரிசீலிக்கத்தக்கவை. நேரடிப் பட்டியலிடலுக்கு வழி திறக்கப்பட்டுள்ள இக்காலத்தில், எவ்வளவு டாலர் திரட்டப்பட்டது என்பதோடு, அதே நிறுவனத்தில் ரூபாயை இட்டவருக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்பதையும் சேர்த்தே அயல்நாட்டு மூலதனத்தை மதிப்பிடவேண்டும்.